குறுக்கே ஓடிய சக்கரங்கள்

தாம்பரத்தின் வரலாற்றை எழுத முற்படுகிறவர் எவரும் 1931ஆம் ஆண்டை விட்டுவிட முடியாது. அவ்வாண்டு மே மாதத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவுக்கு மீட்டர் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் செய்த அந்த ஏற்பாட்டால்தான் ஏரிகளும் பனைகளும் கற்குன்றுகளும் நிறைந்த ஒரு நாட்டுப்புறம் நகரத்தின் புறநகரமாக மாறியது. இதனை நம் ஊர் வரலாறுகள் தவறாமல் சொல்கின்றன. ஆனால் அந்த நிலையத்தின் வாசலில், இரயிலைவிட அதிகாலையில் விழித்து, இரயிலைவிடப் பின்னிரவில் உறங்கிய சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசி நான் படித்ததில்லை.

கல்நார்த் தகடு வேய்ந்த கொட்டகை. அதனுள் நூற்றுக்கணக்கான வண்டிகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி வரிசையாக நிற்கும். ஒன்று சரிந்தால் வரிசை முழுவதும் சரிந்து விழும்; அந்த ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். வண்டியின் இருக்கையில் சுண்ணக்கட்டியால் ஓர் எண்ணை எழுதி, அதே எண்ணுள்ள சீட்டைக் கையில் தருவார் கொட்டகைக்காரர். மழைநாளில் எண் அழிந்துபோகும். அப்போது தம் வண்டியை அடையாளம் காண்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது: கைப்பிடியில் கட்டிய சிவப்பு நூல், மணியில் ஒட்டிய மாதா படம், மட்கார்டில் தம் மகள் பெயர்.

நான் சொல்ல வருவது இதுதான். இரயில் வடக்கு தெற்காக ஓடியது. மக்களின் வாழ்க்கையோ கிழக்கு மேற்காக விரிந்து கிடந்தது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் ஆகியவை இருப்புப்பாதைக்குக் கிழக்கே. முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் ஆகியவை மேற்கே. பேருந்துகள் குறைவு, ஏரிக்கரைகளின் மேலும் வயல்களின் ஊடாகவும் போன மண்பாதைகளில் அவையும் இல்லை. நிலையத்திலிருந்து நான்கு மைல், ஐந்து மைல் உள்ளே மலிவாக மனை வாங்கிய எழுத்தரும், தொழிலாளியும், ஆசிரியரும் அந்த மனையில் குடியேற முடிந்தது எதனால்? மிதிவண்டி இருந்ததனால். இரயில் ஒரு கோடு போட்டது. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஆயிரம் கோடுகளை இழுத்து, ஊராக நெய்தது மிதிவண்டி. அதற்கான விலையை வெயிலிலும் மழையிலும் தம் உடம்பால் கொடுத்தவர்கள் அதனை ஓட்டியவர்கள்.

இன்று நாம் காணும் வடிவிலான மிதிவண்டி பழமையானதன்று. இரு சக்கரங்களும் ஒத்த அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெளியிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்லில் குலுங்குவதைக் கண்டு, காற்றடைத்த இரப்பர்க் குழாயை உருவாக்கி உரிமம் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின் சில ஆண்டுகளிலேயே மிதிவண்டி நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. தொடக்கத்தில் துரைமார்களுக்கும், பின்னர் வழக்கறிஞர், மருத்துவர், அலுவலர் ஆகியோருக்கும் உரிய பொருளாயிருந்தது. இங்கிலாந்திலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த வண்டி, தொழிலாளியின் கைக்கு எட்டத் தொடங்கியது உள்நாட்டிலேயே அதனைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான். சென்னையின் மேற்கே அம்பத்தூரில், முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். ஹெர்குலிஸ் என்னும் கிரேக்க வீரனின் பெயர், தமிழ்நாட்டுப் பால்காரர் வாய்களில் ‘எருக்கிலீசு’ என்றும் வேறு பலவாறும் மருவி வாழத் தொடங்கியது அதன் பிறகே.

வரலாற்றறிஞர்களின் பார்வை இந்த எளிய கருவியின்மேல் திரும்ப வெகுகாலம் ஆயிற்று. டேவிட் ஆர்னால்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இரயிலையும் தந்தியையும் ஒதுக்கிவைத்துவிட்டு மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி, நெல் அரைவை ஆலை ஆகியவற்றின் வழியாக இந்தியாவின் நவீன வாழ்வைப் பார்த்தார். நம் புறநகரத்திற்கு மிகவும் பொருந்துகிற பார்வை அது.

தென்சென்னைப் புறநகரின் வேலைத்தலங்களை எண்ணிப் பாருங்கள். க்ரோம் முறையில் தோல் பதனிட்ட சேம்பர்ஸ் என்பவரின் நிறுவனத்தால் பெயர்பெற்ற ஊர் குரோம்பேட்டை. அதனையடுத்துப் பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் ஆகிய இடங்களில் தோல் தொழிற்சாலைகள் பெருகின. மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தொடங்கி, 1937இல் அரசின் கைக்கு மாறிய காசநோய் மருத்துவமனையால் ‘சானட்டோரியம்’ என்றே ஓர் இரயில் நிலையம் பெயர்பெற்றது. அதே 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குள் குடிபுகுந்தது. திரிசூலம், பல்லாவரம் குன்றுகளில் கல்லுடைப்பு. கிண்டியில் 1958இல் தொழிற்பேட்டை. வண்டலூரை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. மகிழுந்து செய்யப் போனவர்களில் எத்தனை பேர் மிதிவண்டியில் போனார்கள் என்று யாரேனும் அன்றே எண்ணி வைத்திருக்கலாம்.

என் தந்தையார் நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஊர் வழக்கில் ‘தோல் ஷாப்பு’. எங்கள் வீடு முடிச்சூரை ஒட்டி. இடையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து தாம்பரம் நிலையம் வரை ஒரு நடை. குரோம்பேட்டையில் இறங்கி மேற்கே இன்னொரு நடை. இடையில் நான்கே நிமிட இரயில். அந்த நான்கு நிமிடத்திற்காக ஒரு மணி நேரம் நடப்பதா? கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்தார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் தீர்ந்த மாதத்தில் அம்மா கேசரி செய்ததாகச் சொல்வார்கள், எனக்கு நினைவில்லை.

அந்த நாளைய வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம்; இருபது கிலோ எடை; தோல் இருக்கை. பிரேக்குக்குக் கம்பிவடம் இராது; நீண்ட இரும்புக் கம்பிகளே. கைப்பிடியை அழுத்தினால் இரப்பர்க் கட்டைகள் மேலெழும்பி, சக்கரத்தின் விளிம்பை உட்புறமாகக் கவ்வும். விளிம்பு உலர்ந்திருக்கும்வரை கவ்வும். நனைந்துவிட்டால் வழுக்கும். மழையில் வண்டியோட்டத் தெரிந்தவர் என்றால், நிறுத்த வேண்டிய இடத்திற்கு இருபது முழம் முன்பே கைப்பிடியை மெல்ல அழுத்திப் பிடித்து, விளிம்பிலுள்ள நீரைத் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தத் தெரிந்தவர் என்று பொருள். அது தெரியாதவர் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார், செருப்பு போய்விடும்.

ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். முடிச்சூரிலிருந்து நாகல்கேணிக்குப் போகும் திசையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் காலைப் பயணம் எதிர்காற்றில்தான். மழை முகத்தில் ஊசியாகக் குத்தும். குடை பயன்படாது, விரித்தால் பாய்மரமாகி வண்டியைச் சாய்க்கும். மழைக்கோட்டு வாங்க வசதியிருந்தவர்கள் சிலரே. பலருக்குக் கோணிச்சாக்குதான். அதன் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துக் கொங்காணியாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். சிறிது நேரத்தில் அதுவும் நனைந்து, மிதிப்பவரின் முதுகில் இன்னொரு பாரமாகிவிடும். பின்னர் பாலித்தீன் உறைகள் வந்தன. அப்பா தமக்குக் கிடைத்த முதல் பாலித்தீன் பையைத் தலையில் போடவில்லை. வண்டியின் இருக்கைக்குப் போட்டார். தோலின் இயல்பு தெரிந்தவர். நனைந்த தோல் காயும்போது விறைத்து வெடிக்கும் என்பதை அன்றாடம் கண்டவர். “உடம்பு தானாக் காஞ்சிடும்டா, சீட்டு காயாது” என்பார்.

நனைந்த சட்டையோடு எட்டு மணி நேரம் வேலை. அது உடம்பிலேயே காயும். மாலையில் மீண்டும் நனையும். தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியும் ஈரமும் எப்போதும் உண்டு. அங்கே மழையின் ஈரம் தனியாகத் தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்வார். அந்த வேடிக்கையின் கீழே ஓர் இருமல் இருந்தது. அதனை நாங்கள் மார்கழி இருமல் என்று நினைத்துக்கொண்டோம்.

மழைக்கு உரிய செலவும் உண்டு. சேற்றுநீர் மிதிகட்டை அச்சிற்குள் புகுந்தால், உள்ளேயுள்ள இரும்புக் குண்டுகள் துருப்பிடித்து அரைபடும். சங்கிலி சிவக்கும். ஆகவே கார்த்திகை கழிந்ததும் வண்டியை முழுவதும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீசு வைத்துப் பூட்டுவதற்குக் கடையில் கொடுப்பார்கள். ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் நடந்தே திருப்பலிக்குப் போவோம். அப்பா மட்டும் எதையோ இழந்தவர்போல் வெறுங்கையை ஆட்டிக்கொண்டு வருவார்.

வெயிலுக்கு வேறு இலக்கணம். பங்குனி பிறந்ததும் சாலையில் கானல் தெரியும். கத்திரியில் தார் இளகி டயரைப் பிடித்து இழுக்கும். மிதிப்பது இருமடங்கு பாரமாகும். நண்பகலில் வெயிலில் நிறுத்திய வண்டியின் குழாயில் காற்று விரிந்து, ஒட்டுப்போட்ட இடம் திறந்துகொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் காலையிலேயே காற்றைச் சற்றுக் குறைவாக அடைத்துக்கொள்வர். வண்டியை மரநிழலில் நிறுத்தும் உரிமை தொழிற்சாலைகளில் மூப்பின்படி வந்தது. புதிதாய்ச் சேர்ந்தவன் வண்டி வெயிலில். இருபதாண்டு உழைத்தவர் வண்டி வேம்பின் கீழே! சங்கமோ ஒப்பந்தமோ இல்லாமல் தொழிலாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இது. மாலையில் கடற்காற்று வந்து சேர்ந்தால் வீடு திரும்புவோருக்கு இடப்பக்கத்தில் சிலுசிலுவென்று பட்டு வியர்வையை ஆற்றும். சில நாள் வராது. 2003 மே இறுதியில் சென்னையில் 45 பாகை வெப்பம் பதிவானபோது அப்பா ஓய்வுபெற்று வெகுநாளாகியிருந்தது. “இதைவிடக் கொளுத்தின நாள் உண்டு, அப்ப அளக்க ஆளில்ல” என்றார். பதிவேடுகள் அவரை ஆதரிக்கமாட்டா. ஆனாலும் அந்தச் சாலையில் மிதித்தவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

இவற்றுக்கு நடுவே ஆடிமாதம் ஒன்று. மேல்காற்று கல்லுடைக்கும் குன்றுகளின் தூளை வாரிக்கொண்டு சாலையின் குறுக்கே வரும். கண்ணை மூடினால் விழ வேண்டியதுதான், திறந்தால் தூள். மார்கழி விடியலிலோ ஏரிகளிலிருந்து பனி எழுந்து ஜி.எஸ்.டி. சாலையை மூடும். எதிரே வரும் லாரிக்கு மிதிவண்டியின் டைனமோ விளக்கு தெரிந்தால் உயிர் தப்பும். அந்த விளக்குக்கு ஒரு குணம்: வண்டி ஓடினால்தான் எரியும். ஆபத்து மிகுந்த இடத்தில் நின்றால் அணைந்துவிடும்.

1976 நவம்பர் இறுதியில் ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 45 சென்டிமீட்டர் மழை கொட்டி அடையாறு பெருகியது. எங்கள் பக்கத்துச் சாலையிலும் இடுப்பளவு நீர். அப்பா வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரைக் கடந்து, மேட்டுக்கு வந்ததும் இறக்கி மிதித்து, வேலைக்குப் போனார். போனபோது சங்கு ஊதி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வாயிற்கதவு அடைத்தாயிற்று. அரைநாள் சம்பளம் போயிற்று. முதலாளி கெட்டவர் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, விதி அப்படி. இரயில் தாமதமாக வந்தால் இரயில்வேயிடம் அதற்குச் சான்று உண்டு. பேருந்து பழுதானால் பத்துப் பேர் சாட்சி உண்டு. மிதிவண்டியில் வருகிறவனின் தாமதத்திற்கு மட்டும் காரணம் அவனே. மழையும் அவன் குற்றம், எதிர்காற்றும் அவன் குற்றம். இந்த ஒன்றை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. நகரம் தன் தொழிலாளியை வேலைத்தலத்துக்குக் கொண்டுவரும் செலவை முற்றிலும் அவன் தலையிலேயே வைத்துவிட்டு, அவன் வந்து சேரும் நிமிடத்தை மட்டும் கணக்குப் பார்த்தது.

அரசும் அவனை மறந்துவிடவில்லை, வரி வாங்கியது. உள்ளாட்சி அலுவலகங்களில் ஆண்டுதோறும் பணம் கட்டி, உலோக வில்லை ஒன்று வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாத வண்டியைச் சோதனையில் பிடித்து வைத்துக்கொள்வர். இரவில் விளக்கில்லாமல் போனால் அபராதம். இருவராகப் போனால் அபராதம். அபராதம் கட்டப் பணமில்லாதவனின் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு, தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் காவலர்களும் இருந்தனர். மிதிவண்டிக்கு வரி வாங்கிய காலத்தில் அந்த வண்டிக்கென்று ஒரு முழ அகலப் பாதை எங்கள் பகுதியில் போடப்பட்டதாக நான் அறியேன்.

இந்த இடத்தில் ஓர் இத்தாலியப் படத்தை நினைத்துக்கொள்கிறேன். விட்டோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது; சொந்த மிதிவண்டி இருந்தால்தான் வேலை. படுக்கை விரிப்புகளைக் கொடுத்துவிட்டு, அடகிலிருந்த வண்டியை மீட்கிறார்கள். முதல் நாளே வண்டி களவு போகிறது. தேடியலையும் தந்தையும் சிறுவனும் உரோமைச் சந்தையில் திடீர் மழையில் ஒரு சுவரோரம் ஒதுங்குகிறார்கள். அருகே வந்து ஒதுங்குகிறது குருமாணவர் கூட்டம் ஒன்று. அவர்கள் தமக்குள் வேற்று மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே ஒரு குடும்பத்தின் வாழ்வு நனைந்துகொண்டிருக்கிறது. திரைக்கலை நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் தேர்ந்தெடுத்த 45 படங்களுள் இதுவும் ஒன்று. அந்தச் சுவரோரக் காட்சியைத் தேர்வாளர்கள் கண்டும் தேர்ந்தார்கள் என்பது எனக்கு நிறைவு தருகிறது. மிதிவண்டி ஓட்டுவோருக்கென்று ஒரு பாதுகாவலியும் திருச்சபையில் உண்டு. வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே ஒரு குன்றின்மேலுள்ள கிசால்லோ அன்னையைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949இல் அவ்வாறு அறிவித்தார். அச்சிற்றாலயத்தில் புகழ்பெற்ற பந்தய வீரர்களின் வண்டிகள் மாட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சோற்றுப் பாத்திரம் தொங்கும் வண்டியை மாட்டிவைக்க எந்தச் சுவரும் போதாது என்று விட்டிருக்கலாம்.

இதுவரை நான் சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் என் தாய் வயதில் மிதிவண்டி ஓட்டிய பெண் ஒருவரும் இல்லை. தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984இல் அமைந்தபின் ஆயத்த ஆடைக்கும் மின்னணுப் பொருளுக்கும் இளம்பெண்கள் வேலைக்கு வந்தனர். அவர்கள் பெரும்பாலும் இரயிலிலும் நடையிலும் வந்தார்கள். பெண் மிதிவண்டி ஏறியதன் பெருங்கதை நம் புறநகரில் நிகழவில்லை. அது புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்தது. உழவுக்கூலிப் பெண்களும், கல்லுடைக்கும் பெண்களும், செவிலியரும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினர். இதழாளர் பி. சாய்நாத் நேரில் கண்டு எழுதியதால் அது உலகறிந்த செய்தியாயிற்று. பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் தம் கைக்கு வந்ததையே அப்பெண்கள் பெரிதாகச் சொன்னார்கள். பின்னர் 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கென்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்து, எங்கள் தெருவிலும் சீருடைப் பெண்கள் வரிசையாக மிதித்துப்போகும் காட்சியைத் தந்தது. அம்மா வாசலில் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆனால் அந்தப் பெண்கள் படித்து வேலைக்குப் போனபோது மிதிவண்டியில் போகவில்லை. அதற்குள் சாலை மாறிவிட்டது. டி.வி.எஸ். 50 வண்டி 1980இல் வெளிவந்ததிலிருந்தே மாற்றம் தொடங்கிற்று; கைக்கு வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி மாறினர். அதில் குறைசொல்ல என்ன இருக்கிறது? எதிர்காற்றில் முப்பதாண்டு மிதித்தவன் தன் மகனும் மிதிக்க வேண்டும் என்று விரும்புவானா? அப்பாவே எனக்கு முதல் வேலை கிடைத்தபோது, “நீ இதுல போகாத” என்றார். என் வருத்தம் வேறு. மிதிப்பவர்கள் குறைந்தபோது, மிச்சமிருந்தவர்களை எண்ணிப் பாராமலே சாலைகள் வரையப்பட்டன. ஜி.எஸ்.டி. சாலை அகலமாயிற்று, நடுவில் சுவர் எழுந்தது. முன்பு பத்தடியில் கடந்த சாலையைக் கடக்க, மிதிவண்டிக்காரர் அரை மைல் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. அல்லது போக்குவரத்துக்கு எதிரே ஓரமாக வர வேண்டும். 2008இல் கத்திப்பாரா மேம்பாலம் திறந்தபோது வானத்திலிருந்து பார்த்தால் பூவிதழ்போல் இருப்பதாக வியந்தோம். கிண்டிக்கு மிதித்துப் போகிறவன் அதனை வானத்திலிருந்து பார்ப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பிற வேலைகளைச் செய்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் நாடெங்கும் மிதிவண்டியிலேயே வேலைக்குப் போயினர். மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டியில் போனவர்களின் அளவுக்குக் குறையாத எண்ணிக்கை அது! சாலையில் நம் கண்ணுக்கு ஏன் அவர்கள் தெரிவதில்லை? நாம் எழுவதற்கு முன்பே அவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவதாலோ? சென்னை மாநகராட்சி 2014இல், நடப்போருக்கும் மிதிவண்டியோட்டுவோருக்கும் முதலிடம் தரும் கொள்கையொன்றை ஏற்றது. நல்ல செயல். அப்போது தாம்பரம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே தனி நகராட்சி. 2021இல்தான் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடும் ஐந்து பேரூராட்சிகளோடும் இணைந்து தனி மாநகராட்சியாயிற்று. நான் மேலே குறுக்குக் கோடுகள் என்று சொன்ன ஊர்களுள் பல இப்போது ஒரே நிருவாகத்தின் கீழ் வந்துவிட்டன.

2015 டிசம்பர் முதல் தேதியை எங்கள் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, படகுகள் வந்தன. நீர் வடிந்தபின் எங்கள் தெருவில் மகிழுந்துகளும் மோட்டார் வண்டிகளும் சேறு குடித்துச் செயலற்று நின்றன. பழுதுபார்ப்போர் கடை முன்பு வரிசை. பெட்ரோலும் எளிதில் கிடைக்கவில்லை. அப்போது என் தங்கை மகளின் பள்ளி மிதிவண்டி, நீல நிறத்தது, மாடிப்படியின் கீழே சேற்றில் புதைந்து கிடந்தது. எடுத்து வாளித் தண்ணீரால் கழுவி, சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். வேறு எண்ணெய் இல்லை. ஓடிற்று. நான்கு நாள் அதிலேயே பால், மெழுகுவர்த்தி, குடிநீர்க் கேன், பங்கு ஆலயத்தில் பொட்டலம் கட்டிய சோறு எல்லாம் தெருவுக்கு வந்தன. அறுபதை நெருங்கிய வயதில் எனக்கு மூச்சு வாங்கிற்று. கைப்பிடியை முன்கூட்டியே அழுத்தி விளிம்பைத் துடைக்கும் பழக்கம் மட்டும் கைக்கு மறக்கவில்லை.

மீட்டர் பாதை 2004இல் முடிவுக்கு வந்து, இன்று தாம்பரத்தில் ஓடுவதெல்லாம் அகலப்பாதை வண்டிகள். நிலையத்தின் வாகனக் காப்பகங்களில் மோட்டார் வண்டிகள் நிறைந்திருக்கின்றன. மூலையில் சில மிதிவண்டிகள். அவற்றின் உடைமையாளர்கள் யார் என்று பார்க்க விரும்பினால் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலைக்கு வர வேண்டும். காவலாளிகள், உணவுவிடுதிப் பணியாளர்கள், பால் போடுவோர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கி, விளக்கில்லாமல், இருவராக ஏறிப் போகிறார்கள். இப்போது யாரும் காற்றைப் பிடுங்குவதில்லை.

சென்ற ஐப்பசியில் பெருங்களத்தூர் மேம்பாலத்தின் கீழே மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் மிதிவண்டியோடு நின்றார். தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. மறைமலைநகர்ப் பக்கம் வேலை என்றார். வண்டியின் இருக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பாலித்தீன் பை ஒன்று வைத்திருந்தார். அதனைக் கைபேசிக்குச் சுற்றியிருந்தார். “ஊர்லேர்ந்து அம்மா பேசுவாங்க” என்றார். மழை விடுவதாக இல்லை. அவர் சற்று நேரம் சாலையைப் பார்த்தார். பையை இன்னொரு சுற்றுச் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லி, ஏறி மிதித்துப் போய்விட்டார்.